அரிசித் தட்டில் இடக்கை

மகனுக்கு,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டபோது நான் அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. நீ காத்திருந்தாய், எப்போதும் போல. மற்றவர்கள் என் வார்த்தையைப் பாதியில் பிடுங்கித் தாங்களே முடித்துவைப்பார்கள். நீ மட்டும் அப்படிச் செய்வதில்லை. பேசத் தொடங்கிய வயதிலிருந்தே செய்ததில்லை. ஆனால் இந்தப் பதில் நீளமானது. நீ எவ்வளவு காத்திருந்தாலும் என் வாய்க்குள் அடங்காது. எழுதினால் திக்காது. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான்: "அம்மா, அன்னிக்கு மட்டும் சோத்துக் கையால எழுதட்டா?"

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நீ ஆசிரியராகப் போகிறாய். நான் படித்த அதே பள்ளிக்கூடம். கடமையேற்கப் போன அன்று அதிபர் உன்னை நன்றாகத்தான் வரவேற்றிருக்கிறார். தேநீர் வரவழைத்தாராம். நீ கையெழுத்துப் போட்டபோதுதான் உன் கையைக் கவனித்திருக்கிறார். அவர் சொன்னதை நீ அவரைப் போலவே பேசிக்காட்டினாய். "சேர், ஒன்னும் நெனச்சுக்காதீங்க. வார கெழம கால்கோள் விழா. தரம் ஒன்னு ஒங்களுக்குத்தான். புது புள்ளைக வெரலப் புடிச்சு அரிசியில 'அ' எழுதவைக்கணும். தாய் தகப்பன் எல்லாம் சுத்தி நிப்பாங்க. அன்னிக்கு மட்டும் சோத்துக் கையால எழுதுங்களேன். கொஞ்சம் பழகிட்டு வாங்க." உன் அப்பாவும் நீயும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் உன் அறையைக் கூட்டும்போது கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். வெண்கட்டியால் 'அ'. அதற்குக் கீழே இன்னொரு 'அ'. சுவர் முழுக்க. எல்லாம் சரிந்து, வால் நடுங்கி, மூன்று வயதுப் பிள்ளை எழுதியது போல. நீ வலக்கையால் பழகியிருக்கிறாய். பட்டம் வாங்கியவன். முத்துப் போல எழுதுகிறவன். யாரும் அடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. தேநீர் கொடுத்து, சிரித்த முகத்தோடு ஒருவர் கேட்டுக்கொண்டார். அதற்கே உன் கையை நீயே கட்டிக்கொண்டாய்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். என் இடது மணிக்கட்டு வலித்தது. அங்கே காயம் எதுவும் இல்லை. ஆனாலும் வலித்தது.

என் கையைப் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். முழுவதும் தெரியாது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரே காம்பரா. சமையலும் படுக்கையும் அந்த ஓர் அறைக்குள்தான். மாலையில் சாப்பிட உட்காரும்போது அப்பா, அதாவது உன் தாத்தா, கொழுந்துக் கூடையிலிருந்து கயிற்றை அவிழ்த்து வருவார். என் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்து இடுப்போடு சேர்த்துக் கட்டுவார். இறுக்கமாக இல்லை. பக்குவமாக, கன்றைக் கட்டுவது போல. பிறகு தட்டை வைப்பார். வலக்கையால் நான் சிந்திச் சிந்திச் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருப்பார். காலையில் அந்தக் கயிறு அம்மாவின் தலையில் இருக்கும். கூடையைச் சுமந்து மலைக்குப் போகும். மாலையில் மறுபடியும் என் கையில். அம்மாவின் தலை எண்ணெய் வாசம் அந்தக் கயிற்றில் இருக்கும். இன்றும் எங்கேயாவது அந்த எண்ணெய் மணந்தால் என் கை தானாகப் பின்னால் போகிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா வெறுங்கையோடு வரவில்லை. தேயிலைச் செடிகளின் தலையில் குறுக்கே வைத்து மட்டம் பார்க்கிற கம்பு ஒன்று உண்டு. மட்டக்கம்பு என்போம். கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பறிக்க வேண்டும். அப்படி ஒரு பழைய கம்பைச் சீவி, வழவழப்பாக்கி, எடுத்து வந்து ஆசிரியரிடம் கொடுத்தார். "கை ஒடஞ்சாலும் பரவால்லைங்க சேர். எழுத்து சோத்துக் கைக்கு வந்துரணும்." ஆசிரியர் அதைக் கும்பிட்டு வாங்கினார். நன்றாகப் பயன்படுத்தினார். எழுத்து வந்துவிட்டது. அழகாகவே வந்தது. அதற்குப் பிறகு பேச்சு போய்விட்டது.

எந்த நாளில் என்று தெரியாது. ஒரு நாள் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். வரவில்லை. வகுப்பு சிரித்தது. "பெட்டரி எறங்கின ரேடியோ" என்று பெயர் வைத்தார்கள். லயத்துக்கும் அந்தப் பெயர் என் பின்னாலேயே வந்தது. கைக்கும் நாக்குக்கும் தொடர்பு உண்டு என்று சில புத்தகங்களில் வாசித்தேன். இல்லவே இல்லை என்று வேறு சில புத்தகங்களில். இரண்டையும் மூடிவைத்துவிட்டேன். கயிற்றுக்கு முன்னால் நான் பேசினேன். எனக்கு அது போதும்.

ஒன்றைத் திருத்த வேண்டும். நீ சின்னவனாக இருந்தபோது, தாத்தா ஏன் என்னைக் கட்டினார், அடித்தார் என்று கேட்பாய். குடி என்று சொல்லிவைத்தேன். அவர் குடித்ததில்லை. குடி என்று சொன்னால் மேலே கேள்வி வராது, அதனால் சொன்னேன். அடித்த நாட்களிலும் அவர் தெளிவாகத்தான் இருந்தார். அடித்துவிட்டு வேப்பெண்ணெய் தடவுவார். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

இன்னொன்றும் அந்த நாட்களில் புரியவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு கொஞ்ச காலம் நானும் கொழுந்து பறிக்கப் போனேன். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். வலக்கை மட்டும் ஓடினால் கூடை நிறையாது. மற்றப் பெண்களுக்கு இடக்கை பின்தங்கும். எனக்கு அது முன்னால் பறந்தது. கங்காணி அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "யம்மா, ஒன் மகளுக்கு பீச்சாங்கை என்னமா ஓடுது பாரு! ரெண்டாள் கொழுந்த ஒத்தையா எடுக்குறா." அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்படி அவள் எனக்காகச் சிரித்ததே இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தோம். தட்டு வைத்தாள். என் இடக்கை மடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போது கயிறு தேவைப்படவில்லை. தோட்டத்துக்கு அந்தக் கை வேண்டும். எனக்குத்தான் அது இருக்கக்கூடாது.

கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்தேன். உன் அப்பா லொறி ஓட்டினார். நான் அச்சகத்தில் படி திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல். அந்த வேலையில் யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை. பிழைகளைக் கண்டுபிடித்து ஓரத்தில் குறித்தால் போதும். அங்கேயே, மதிய இடைவேளைகளில், வெளிவாரிப் பட்டத்துக்கும் படித்தேன். இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். நீ பார்த்தும் நினைவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

உனக்கு ஏடு தொடக்கிய விஜயதசமி. கோயிலில் வரிசையாகப் பிள்ளைகள். தாத்தா தோட்டத்திலிருந்து புது வேட்டி கட்டி வந்திருந்தார். உன்னைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஐயர் தட்டை நீட்டினார். நீ இடது சுட்டுவிரலை அரிசிக்குள் குத்தினாய். தாத்தா அதை எடுத்துவிட்டு வலக்கையை வைத்தார். நீ மறுபடியும் இடக்கையை வைத்தாய். அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். மூன்றாம் முறை அவர் உன் இடக்கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடித்தார். பக்குவமாக. உன் சிரிப்பு நின்றது.

"வி... வி..." என்றேன். "விடுங்க" என்ற சொல் வரவேயில்லை. ஐயர் பார்த்தார், வரிசை பார்த்தது. சொல்லுக்காக அன்று நான் காத்திருக்கவில்லை. குனிந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உன் கையை வெளியே எடுத்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். செருப்பைக்கூட மறந்துவிட்டேன். உன் அப்பா இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். வீட்டில் தாம்பாளத்தை எடுத்து அரிசியைக் கொட்டினார். "கோயில் அரிசின்னா என்னா, கடை அரிசின்னா என்னா? எந்தக் கைன்னு அரிசிக்குத் தெரியவா போகுது?" என்றார். நான் உன் இடக்கை விரலைப் பிடித்தேன். 'அ' எழுதினோம். உன் கைக்குள் என் கை இருந்ததா, என் கைக்குள் உன் கையா, சொல்லத் தெரியவில்லை. நான் அன்றைக்குத்தான் ஏடு தொடக்கினேன்.

தாத்தா பல வருடங்கள் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

அவருக்கு வாதம் வந்து வலப் பக்கம் முழுவதும் விழுந்தபோது வைத்தியசாலைக்கு நாமிருவரும் போனோம். அது உனக்கு நினைவிருக்கும். தாதி அவருடைய வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள், அது விழுந்தது. இடக்கையைத் தூக்கினாள், அது அவளுடைய விரலை இறுக்கிப் பிடித்தது. "வம் அத்த ஹொந்தய்" என்றாள் சிங்களத்தில், சிரித்துக்கொண்டு. இடக்கை நல்லாயிருக்கு. அந்தச் சொற்களை நம் குடும்பத்தில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எந்த மொழியிலும்.

நான் சோறு ஊட்டப் போனேன். அவர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இடக்கையால் பருப்பைப் பிசைந்தார். உருட்டினார். வாயில் வைத்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை. புதிதாகப் பழகுகிறவன் அப்படிச் சாப்பிட முடியாது. நான் அந்த விரல்களையே பார்த்தேன். நீதான் கேட்டாய்: "அட, தாத்தா! நீங்களும் நம்ம கட்சியா?"

கோணிய வாயோடு அவர் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு பேச முயன்றார். வாதம் அவருடைய நாக்கையும் இழுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் தடுக்கித் தடுக்கி வந்தது. நான் அவருடைய வார்த்தையை முடித்துவைக்கவில்லை. காத்திருந்தேன். "எங்... எங்கய்யா... கொள்ளிக்கட்டைய வச்சாரு" என்றார். உள்ளங்கையை விரித்தார். நடுவில் தோல் பளபளத்தது. எத்தனை வருடம் பார்த்த கை! அடுப்புச் சூடு என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய ஐயா, வெள்ளைக்காரத் துரையிடம் எதையோ இடக்கையால் நீட்டியிருக்கிறார். திமிர் என்று பேரை வெட்டிவிட்டார்கள். வேலையும் போய், லயத்துக் காம்பராவும் போய், சட்டி பானையோடு ரோட்டில் நின்றிருக்கிறார்கள். வேறு தோட்டத்தில் பேர் பதிந்த பிறகு, தன் மகனுக்கும் அதே கை என்று கண்ட நாளில் அந்த மனிதர் அடுப்பிலிருந்து கட்டையை எடுத்திருக்கிறார்.

தாத்தா கவ்வாத்து வெட்டப் போனவர். தேயிலையைத் தறித்து மட்டம் செய்கிற வேலை. அவருடைய காலில் இருந்த அளவு வெட்டுத் தழும்பு லயத்தில் வேறு யார் காலிலும் இல்லை. "கவனமில்லாத மனுசன்" என்று அம்மா ஏசுவாள். அவர் கவனமில்லாதவர் அல்ல. வாழ்நாள் முழுவதும் தன்னுடையதல்லாத கையால் கத்தி வீசியிருக்கிறார்.

என்னைக் கட்டியபோது அவருடைய கண்ணில் இருந்தது கோபம் என்று நினைத்திருந்தேன். அது பயம். ஒரு துரையின் முகச்சுளிப்பு, ரோட்டில் கிடந்த சட்டி பானை, கொள்ளிக்கட்டை, கூடைக் கயிறு, என் நாக்கு. ஒன்றிலிருந்து ஒன்று. துரை என்றைக்கோ கப்பலேறிப் போய்விட்டார். நாங்கள்தான் அவருக்குப் பயந்து பிள்ளைகளை அடித்துக்கொண்டிருந்தோம்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மேசையில் இருந்த திருநீற்றை இடக்கையால் எடுத்து உன் நெற்றியில் பூசினார். வைத்தியசாலையிலிருந்து நம்மோடு வந்து, இருந்த காலம் முழுவதும் நம் வீட்டில், நம் முன்னால், இடக்கையால் சாப்பிட்டார். ஒரு மனிதன் சோற்றை அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "அன்றைக்கு மட்டும்" என்று அதிபர் சொல்கிறார். அவர் நல்ல மனிதர். ஆனால் எல்லாக் கயிறும் அப்படித்தான் தொடங்குகிறது. சாப்பிடும்போது மட்டும். கோயிலில் மட்டும். ஆட்களுக்கு முன்னால் மட்டும். பிறகு கயிறே தேவைப்படாது. உன் அறைச் சுவரைப் போய்ப் பார்.

அங்கே தகப்பன்மார் உன்னிடம் கம்பு கொண்டுவந்து தருவார்கள். வாங்காதே. ஆனால் அவர்களை வெறுக்காதே. இந்த மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்று முதலில் பார். பிள்ளைகள் பேச நேரமெடுத்தால் காத்திரு. உனக்கு அது தெரியும், நீ அதை என்னிடம் பழகியிருக்கிறாய். எந்தக் கையால் எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுவும் ஒரு கயிறு. ஆனால் நான் என்ன விரும்புகிறேன் என்று உனக்குத் தெரியும்.

இதற்குக் கீழே எழுதுவது விழா முடிந்து வந்த பிறகு.

காலையில் இந்தக் கடிதத்தை ஒட்டி உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பஸ் போய்விடும் என்று நீ பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாய். வாசிப்பாயா என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். படித்து முடித்த பிறகு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. மண்டபத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. காகிதக் கிரீடம் வைத்த பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெண்கட்டியை எடுத்தாய். இடக்கையால். கரும்பலகை நிறைய ஒரு 'அ' எழுதினாய். எனக்கு முன்னால் இருந்த தாய்மார் முணுமுணுத்தார்கள்.

"ஏய், சேரு பீச்சாங்கையால எழுதுறாருடி."

"வாத்தியே இப்பிடின்னா புள்ளைக வெளங்குன மாதிரிதான்."

"எழுத்தப் பாரு மொதல்ல. அச்சுல போட்ட மாதிரி இருக்கு."

அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். தட்டில் விரலை வைத்தார்கள். பிறகு இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை வந்தது. இடக்கையை அரிசியில் வைத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற அவளுடைய தகப்பன் சத்தம் போட்டார்: "அடியேய்! சோத்துக் கையக் குடு!"

அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போனது. அது போன விதம் எனக்குத் தெரியும்.

உன் இடக்கையை அரிசியின் மேல் மல்லாத்தி வைத்தாய். காத்திருந்தாய். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. நீ காத்திருந்தாய். அவளுடைய கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. எழுதினீர்கள்.

தகப்பன் உள்ளேயே வந்துவிட்டார். "சேர், கை மாறிருச்சு. வீட்டுல அடிச்சித்தான் திருத்திக்கிட்டு இருக்கோம். நீங்களும் நாலு போடுங்க, நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்."

"மாறலங்கண்ணே. இதுதான் அவ கை."

"நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுல போய் பீச்சாங்கையால சோறு போடுவாளா? ஊரே சிரிக்கும்ங்க."

அதிபர் எழுந்தார். அவர் பேசுவதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

"எ... எ..." என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். முன் வாங்கில் இருந்த ஒரு பெண் "என்னக்கா, தண்ணி வேணுமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். அதே சிரிப்பு. நான் உட்காரவில்லை. "எ... என் கையையும் இ... இங்கதான் அடிச்சாங்க. இ... இந்தப் பள்ளிக்கூடத்துல. எழுத்து வந்திருச்சு. பே... பே... பேச்சு போயிருச்சு. இவரு எ... என் மகன். இவரு கைய நா... நான் அடிக்க விடல்ல."

திக்கியது. முதலிலிருந்து கடைசி வரை திக்கியது. ஆனால் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. எனக்காக யாரும் என் வார்த்தையை முடிக்கவில்லை. அவ்வளவு பேரும் காத்திருந்தார்கள். நானே முடித்தேன்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, மகளின் இடக்கையை எடுத்து, விரலில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். "சரி, போ. போய் உக்காரு" என்றார். அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பிள்ளையின் பேரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு பெரிய காரியம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

நாம் வீட்டுக்கு வந்ததும் உன் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். கடிதம் ஒட்டியபடியே இருந்தது. நீ வாசிக்கவில்லை. நான் சொல்லாமலேயே செய்திருக்கிறாய். இந்தக் கடிதம் உனக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி. பிரித்துவிட்டேன். இனி ஒட்டப்போவதில்லை. அச்சகத்தில் கேட்டால் போட்டுத் தருவார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். கையில் கயிறோடு நிற்கிற யாராவது வாசிக்கட்டும்.

மத்தியானம் இடக்கையால் சாப்பிட்டேன். பாதி சோறு மேசையில். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "ம், சோத்துக்கும் தெரியாதுதான்" என்றார்.

இந்தக் கடைசி வரிகளைப் பார். எழுத்து சரிந்திருக்கிறது. வால் நடுங்குகிறது. உன் அறைச் சுவரில் நீ எழுதியது போலவே இருக்கிறது. இது எந்தக் கை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகத்தான் வருகிறது. அவசரமில்லை. நீ காத்திருப்பாய்.

அம்மா